பைராம் கரும்பும் ஒரு மெத்தென்ற பிஸ்கட்டும்



"டீச்சர், பிஸ்கட்டு நமுத்துப் போச்சு!"

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் முதல் கடியிலேயே இவ்வாறு தீர்ப்பு வழங்கிவிட்டான். முதல்நாள் இரவு பத்து மணிவரை அடுப்படியில் நின்று சுட்டு, ஆறவைத்து, டப்பாவில் அடுக்கி நான் வகுப்பறைக்குக் கொண்டுசென்ற பிஸ்கட்டுகள் அவை. சுக்கு, இலவங்கப்பட்டை, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றைப் பொடித்துப் போட்டுக் கரும்புப்பாகு ஊற்றிப் பிசைந்த மாவில் செய்தவை. உண்மையில் அவை நமுத்துப் போகவில்லை. மெத்தென்று இருப்பதே அவற்றின் இலக்கணம். எனினும், அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முறுக்காயினும் பிஸ்கட்டாயினும் மொறுமொறுவென்று இருந்தால்தான் நம் வீடுகளில் மதிப்பு. பினாங்கின் ஈரக்காற்றில் டப்பா மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டவர் யார் என்று தீபாவளிக்கு மறுநாள் விசாரணை நடக்காத வீடு உண்டா?

"பெறகு ஏன் டீச்சர் மெத்துன்னு இருக்கு?" என்று முன்வரிசை மாணவி கேட்டாள்.

நல்ல கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், அது நேராக நம்மைப் பைராம் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்காகவே அந்த டப்பாவை நான் வரலாற்று வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் மன்னர்களிலிருந்து தொடங்குவதில்லை. தன் குடும்பம், தன் பள்ளி, தான் வாழும் இடம் என்றுதான் தொடங்குகிறது. வாழும் இடத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது என் மாணவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: முன்பு இங்கே ரப்பர்த் தோட்டம் இருந்தது, இப்பொழுது செம்பனை இருக்கிறது. பிழையில்லை. ஆனால், அவ்வாக்கியத்திற்கு முன்னால் இருக்க வேண்டிய ஒரு வாக்கியம் அவர்கள் எழுதியதில் இல்லை. ரப்பருக்கு முன்னே இங்குக் கரும்பு இருந்தது!

பிஸ்கட்டுக்கு வருவோம். பிஸ்கட் என்னும் சொல்லுக்கு 'இருமுறை சுடப்பட்டது' என்பது பொருள். நம் முன்னோர் வழங்கிய 'விசுக்கோத்து' என்ற சொல்லும் போர்த்துகீசியர் வழியாக வந்த அதே சொல்தான். கப்பல் பயணத்தில் கெட்டுப்போகாமல் இருக்க ஈரத்தை முழுவதும் போக்கிச் சுட்ட கெட்டி ரொட்டி அது. ஆகவே 'மெத்தென்ற பிஸ்கட்' என்பது சொல்லளவில் முரண்தான். அமெரிக்கர்கள் இதைக் 'குக்கி' என்பார்கள். அது டச்சு மொழியில் சிறிய கேக் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயர்தான் பொருத்தம். ஆனால், எங்கள் வீட்டில் எல்லாமே பிஸ்கட்தான். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

மென்மைக்குக் காரணம் பாகு. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைக்கும்போது சீனி படிகமாக உறைகிறது. உறையாமல் எஞ்சும் கருநிறக் குழம்பே மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகு. அதில் குளுக்கோசும் புருக்டோசும் இருக்கின்றன. இவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. சீனி மீண்டும் படிகமாகிக் கெட்டிப்படுவதையும் தடுக்கும். அதோடு, அப்பாகு சற்றே புளிப்புத்தன்மை கொண்டது. ஆப்பச்சோடாவோடு சேர்ந்ததும் கரியமிலவாயு எழும்பி மாவை உப்பச் செய்கிறது. வெள்ளைச் சீனி மட்டும் போட்டால் பிஸ்கட் மொறுமொறுவென்று உடையும். பாகு சேர்த்தால் வளைந்து கொடுக்கும். என் மாணவர்கள் இரண்டையும் ஒடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அறிவியல் ஆசிரியர்கள் விரும்பினால் இதை ஒரு முழுப் பாடமாகவே நடத்தலாம்.

அந்தப் பாகு ஒரு காலத்தில் நம் வட்டாரத்தில் பெருக்கெடுத்து ஓடிய பொருள்.

1786இல் பினாங்குத் தீவில் கால்வைத்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி, 1800இல் கெடா சுல்தானிடமிருந்து எதிர்க்கரையையும் பெற்று, அதற்கு வெல்லஸ்லி மாகாணம் என்று பெயரிட்டது. இன்றைய செபராங் பிறை அதுவே. இங்குக் கரும்பு பயிரிட்ட முன்னோடிகள் ஆங்கிலேயர் அல்லர். பத்து காவான் பகுதியில் குடியேறிய சீனர்கள். எருமைகளைப் பூட்டிச் செக்குப்போல் ஆலையைச் சுற்றவைத்துச் சாறு பிழிந்தவர்கள் அவர்கள். 1836இல் பினாங்கின் வேளாண்மையைப் பற்றி நூல் எழுதிய ஜேம்ஸ் லோ, இச்சீனர்களின் கரும்புத் தொழிலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதைக் கண்டு 1840ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியர்கள் முதலீட்டோடு இறங்கினார்கள். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி, வரப்புக் கட்டிக் கடல்நீரைத் தடுத்து, நீராவி ஆலைகளை நிறுவினார்கள். நிபோங் திபால், சுங்கை பாக்காப், ஜாவி வட்டாரத்துத் தோட்டங்கள் பல அவ்வாறு உருவானவையே. இன்று அப்பக்கம் போகிறவர்கள் சாலையோரத்து நேர்க்கோட்டு வாய்க்கால்களைக் கவனித்திருப்பீர்கள். இயற்கை ஆறு அப்படி அளவுகோல் வைத்தாற்போல் ஓடாது.

இத்தோட்டங்களுள் பலவற்றுக்கு உரிமையாளர் எட்வர்ட் ஹார்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய மனைவியின் உடன்பிறந்தவர் சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டென். தோட்டங்கள் பின்னர் ராம்ஸ்டென் கைக்கு வந்து, பினாங்குச் சீனித் தோட்டக் கம்பெனியின் கீழ் இயங்கின. பைராமும் கலிடோனியாவும் அவற்றைச் சேர்ந்தவை. கலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழம்பெயர் என்பது பலருக்குத் தெரியும். பைராம்?

நான் கேட்டபோது ஒரு மாணவன் 'பைரவர்' என்றான். இன்னொருவன் 'பலராமர்' என்றான். அழகான ஊகங்கள்தாம்! ஆனால், பைராம் என்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள சிற்றூர். ராம்ஸ்டென் குடும்பத்தின் பட்டப்பெயரிலேயே அவ்வூர் இடம்பெற்றுள்ளது. அவர்களது மாளிகையும் அங்கு இருந்தது. அக்குடும்பத்தின் பெருஞ்செல்வம் ஹடர்ஸ்பீல்டு என்னும் கம்பளித் தொழில் நகரிலிருந்து வந்தது. அந்நகரின் நிலத்தில் பெரும்பகுதி அவர்களுக்கே உடைமையாக இருந்து, 1920இல்தான் நகராட்சி 13 லட்சம் பவுன் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. தான் வாழும் ஊரைத் தானே விலைக்கு வாங்கிய நகரம் என்று இன்றும் சொல்வார்கள். நம்மவர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை என்பதை இங்கே அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டு நகர்கிறேன். (கலிடோனியாவில் பாழடைந்து நிற்கும் 99 கதவு மாளிகையைப் பற்றிப் பேய்க்கதை சொல்லாத பிள்ளை இவ்வட்டாரத்தில் இல்லை. பேயைவிட வரலாறு சுவையானது. சர் ஜான் வில்லியமின் பேரரான ஜான் ராம்ஸ்டென் 1948இல் அங்குதான் சுட்டுக் கொல்லப்பட்டார்.)

இனி நான் சொல்வது யார்க்‌ஷயரின் ஒரு பலகாரத்தைப் பற்றி. அதன் பெயர் 'பார்க்கின்'. ஓட்ஸ் மாவு, இஞ்சித்தூள், கருநிறக் கரும்புப்பாகு ஆகியவை சேர்த்துச் சுடும் மெத்தென்ற கேக் அது. அதே பெயரில் பிஸ்கட் வகையும் உண்டு. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற சதி முறியடிக்கப்பட்டதை நினைவுகூரும் நவம்பர் 5ஆம் நாள் இரவில், தீ மூட்டி வாணம் விட்டு, பார்க்கின் தின்பது வட இங்கிலாந்து வழக்கம். ஏறத்தாழ நம் தீபாவளிக் காலம்! சுட்ட அன்று தின்றால் அது சற்றே வறண்டிருக்கும். டப்பாவில் போட்டுச் சில நாள் வைத்தால்தான் பாகு ஈரத்தை இழுத்துப் பதமாகும். அதாவது, நமுத்தால்தான் பார்க்கின்.

யார்க்‌ஷயர் வயல்களில் ஓட்ஸ் விளையும், கரும்பு விளையாது, இஞ்சியும் விளையாது. அந்த ஏழைத் தொழிலாளியின் தீ நாள் பலகாரத்தில் இனிப்பும் காரமும் கடல் கடந்து வந்தவை. கரீபியத் தீவுகள், மொரீசியஸ், வெல்லஸ்லி மாகாணம் என்று உலகைச் சுற்றியிருந்த கரும்பு வயல்கள் பிரிட்டனுக்குச் சீனியை அனுப்பின. ஆலையின் கழிவுப்பாகில் பெரும்பகுதி தோட்டத்திலேயே காய்ச்சி வடிக்கப்பட்டு ரம் என்னும் மதுவாயிற்று.

கரும்பு வெட்டியவர்கள் யார்? சீனர்களும் ஜாவானியர்களும் இருந்தனர். ஆனால், இத்தோட்டங்கள் மிகுதியாகச் சார்ந்திருந்தது நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய நம்மவர்களைத்தான். மலாயாவில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த வரலாறு ரப்பரில் தொடங்கவில்லை. வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்பில்தான் வேர்கொண்டது. கப்பல் செலவும் முன்பணமும் கடனாகத் தலையில் ஏறும். அக்கடன் தீரும்வரை, பெரும்பாலும் மூன்றாண்டுகள், வேலையை விட்டு விலகினால் அது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. சதுப்பில் கால்வாய் தோண்டுவது, களை எடுப்பது, சோகை உரிப்பது, வெட்டுவது, ஆலை ஓடும் பருவத்தில் இரவிலும் கொதிகலன் அருகே நிற்பது ஆகியவையே வேலைகள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஏராளமானவர்களைக் கொண்டு சென்றன. நிலைமையை ஆராய 1890இல் அரசாங்கமே தொழிலாளர் ஆணைக்குழு ஒன்றை அமைக்க நேர்ந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஹாலன் லீஸ் 2017இல் வெளியிட்ட நூலில் இத்தோட்டங்களின் வாழ்க்கை விரிவாகப் பேசப்படுகிறது. ஆங்கிலம் வாசிக்கும் ஆசிரியர்கள் தேடிப் படிக்கலாம்.

1910இல் இந்தியருக்கான ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வந்தது. ஐரோப்பாவின் பீட்ரூட் சீனி விலையை வீழ்த்தியிருந்தது. ரப்பரோ பொன்னாக விற்றது. சில ஆண்டுகளுக்குள் கரும்பு பிடுங்கப்பட்டு ரப்பர்க் கன்று நடப்பட்டது. ஆலைகள் அடங்கின. ஒரு தலைமுறைக்குள் 'தோட்டம்' என்றால் பால்மரம் என்றாகிவிட்டது. பாருங்கள், இன்றும் நம் செபராங் பிறையில் பெரிய சீனி ஆலை உண்டு. 1964 முதல் பிறையில் சீனி சுத்திகரிக்கப்படுகிறது. அதற்கான கச்சாச் சீனி மட்டும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது.

மசாலைப் பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கும்பினியார் 1790ஆம் ஆண்டுகளில் மொலுக்கஸ் தீவுகளை டச்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றியபோது, கிறிஸ்டோபர் சுமித் என்ற தாவர அறிஞரை அனுப்பிச் சாதிக்காய், கிராம்பு நாற்றுகளை ஆயிரக்கணக்கில் பினாங்குக்குக் கொண்டுவந்து நட்டார்கள். 1860 வாக்கில் நோய் கண்டு சாதிக்காய்த் தோப்புகள் பெருமளவு அழிந்தன. ஆனாலும், பாலேக் பூலாவ் மலைச்சரிவில் சாதிக்காய் இன்றும் காய்க்கிறது. பூவா பாலா என்று சொன்னால்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. சாதிக்காய் என்றால் விழிக்கிறார்கள்! இலவங்கப்பட்டை இலங்கையின் செல்வம். இஞ்சிக்கோ அறிமுகம் தேவையில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஜிஞ்சர்' என்ற சொல்லே நம் 'இஞ்சிவேர்' என்னும் சொல் பாலி, கிரேக்கம், இலத்தீன் என்று ஊர் ஊராகச் சுற்றி உருமாறியது என்பார்கள் மொழியறிஞர்கள். சீனியை ஆங்கிலேயர் அழைக்கும் 'சுகர்' என்ற சொல்லும் வடமொழிச் சர்க்கரையிலிருந்து சென்றதே.

இவ்வளவையும் வகுப்பில் இரண்டு பாடவேளைகளில் சொன்னேன். மறுநாள் தந்தை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. தேர்வுக்கு இது வருமா? அப்படியே பலகாரம் சொல்லிக் குடுக்கணும்னா நம்ம அதிரசம் இருக்கே. வெள்ளக்காரன் பிஸ்கட்டு எதுக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி என்பதால் அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. தேர்வுக்கு இது வராது. அதில் ஐயமில்லை. ஆனால், அதிரசம் என்று அவர் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. வெல்லப்பாகு, அரிசிமாவு, சுக்கு, ஏலக்காய். அதிரசமும் மெத்தென்றுதான் இருக்கும். இரண்டு நாள் கழித்துத் தின்றால்தான் சுவை கூடும். காரணமும் அதேதான்! வெல்லம் என்பது பாகு பிரிக்கப்படாத சீனி. கரும்புச்சாற்றிலுள்ள வெண்மையும் கருமையும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. ஆலை செய்ததெல்லாம் அவ்விரண்டையும் பிரித்ததுதான். வெள்ளையை ஏற்றுமதி செய்தார்கள், கருமையை மதுவாக்கினார்கள். கடையில் நாம் வாங்கும் பழுப்புச் சீனியில் பெரும்பகுதி என்ன தெரியுமா? வெளுத்த சீனியோடு அதே பாகை மீண்டும் கலந்தது! தம் ஊரில் கொப்பரையில் வெல்லம் காய்ச்சியவர்களின் பிள்ளைகளே இங்கு வந்து பிறருக்காகச் சீனி காய்ச்சியிருக்கக்கூடும். ஆகவே, அதிரசமும் என் பிஸ்கட்டும் பங்காளிகள். பெரிய வீட்டிலும் சின்ன வீட்டிலுமாக வளர்ந்தவை.

மறுவாரம் இதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு, "எங்க பாட்டி தோட்டத்திலேயே பொறந்து வளந்தவங்க, எண்பத்தஞ்சு வயசாகுது. வேணும்னா வந்து கேளுங்க" என்றார்.

போனேன். டப்பாவோடுதான். பாட்டி இப்பொழுது வீடமைப்புப் பகுதியில் பேரன் வீட்டில் இருக்கிறார். கரும்பைப் பற்றிக் கேட்டதும், "நான் பால் வெட்டுனவ, எனக்குக் கரும்பு தெரியாது" என்றார். ஏமாற்றம் அடைந்தேன். பேச்சு வேறு பக்கம் போயிற்று. லயத்து வீட்டில் பிஸ்கட் சுட்ட கதையைச் சொன்னார். சதுர பிஸ்கட் தகரத்தைப் பக்கவாட்டில் கிடத்தி, உள்ளே மணல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து, தகரத்தின் கீழும் மேலும் கொட்டாங்கச்சிக் கங்கு போட்டுச் சுடுவார்களாம். மலாய்க்காரர்கள் பாவுலு சுடும் முறையும் மேல் நெருப்பு, கீழ் நெருப்புதானே. பக்கத்துக் கம்பத்துப் பெண்களிடம் பார்த்துக் கற்றுக்கொண்டார்களாம். "முன்னூறு டிகிரியா நானூறு டிகிரியா, யார் கண்டா? கைய உள்ள நீட்டுனா பத்து எண்ற வரைக்கும் தாங்கணும். அதான் சூடு" என்றார்.

விடைபெறும்போது, யாரும் கேட்காமலே, "எங்க அப்பாயிக்குக் கையெல்லாம் கீறலா இருக்கும். சின்னப் புள்ளையில நான் தடவிப் பாப்பேன். சோகை அறுத்ததுன்னு சொல்லும்" என்றார்.

ரப்பர் மரத்தில் சோகை ஏது? நானும் அந்தத் தந்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாட்டி கரும்பு என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. ஆனால், அவருக்குக் கரும்பு தெரிந்திருந்தது. பிள்ளைகளை வீட்டு முதியவர்களிடம் பேட்டி காண அனுப்பும் ஆசிரியர்களுக்கு இதை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. வினாத்தாளில் உள்ள வினாவைக் கேட்டால் 'தெரியாது' என்றுதான் பெரும்பாலும் விடை வரும். தின்பண்டம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர்கள் பலர் செய்முறையைக் கேட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 24 பிஸ்கட்டுகளுக்கு உரிய அளவு இது. கோதுமை மாவு 280 கிராம். அதனோடு சுக்குத்தூள் 2 தேக்கரண்டி, பட்டைத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால், துருவிய சாதிக்காய் கால், ஆப்பச்சோடா ஒன்றரை, உப்பு கால் தேக்கரண்டி சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் 170 கிராம் வெண்ணெயையும் 150 கிராம் பழுப்புச் சீனியையும் நன்கு குழைத்து, ஒரு முட்டையும் 80 கிராம் கரும்புப்பாகும் சேர்த்து அடியுங்கள். பின்னர் மாவைக் கலந்து, பிசையாமல், ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். முட்டை சேர்க்காத வீடுகளில் 3 மேசைக்கரண்டி கெட்டித் தயிர் போதும், மென்மை குறைவதில்லை.

அடுத்த கட்டத்தில்தான் நான் முதன்முறை தோற்றேன். பாகுக்குப் பதிலாகக் கூலா மெலாக்காவைக் காய்ச்சி, சூடு ஆறும்முன் ஊற்றிவிட்டேன். வெண்ணெய் உருகி, பிஸ்கட்டுகள் அனைத்தும் ஓவன் தட்டில் ஒரே தோசையாகப் பரவிவிட்டன. கூலா மெலாக்காவும் கருப்பட்டியும் நல்ல மாற்றுகளே. கெட்டியாகக் காய்ச்சி, முற்றிலும் ஆறிய பிறகு ஊற்ற வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் மாவைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரமாவது வைத்தே ஆக வேண்டும். பிறகு எலுமிச்சை அளவுக்குச் சற்றுச் சிறியதாக உருட்டி, சீனியில் புரட்டி, இடைவெளி விட்டு வையுங்கள். 175 பாகை செல்சியஸில் 9 அல்லது 10 நிமிடம் போதும். ஓரம் உறைந்து, நடுவில் இன்னும் வேகாததுபோல் தோன்றும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். 'இன்னும் இரண்டு நிமிடம் இருக்கட்டுமே' என்று நினைத்தீர்களானால் விசுக்கோத்துதான் கிடைக்கும்.

ஆறியதும் மூடி இறுக்கமான டப்பாவில் அடுக்குங்கள். அன்றைக்கு மசாலை சற்றுத் தூக்கலாகத் தெரியும். மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றுகூடிப் பதமாக இருக்கும். பாட்டிக்கு நான் கொண்டுபோனவை மூன்றாம் நாள் பிஸ்கட்டுகள். ஒன்றைத் தின்றுவிட்டு, "சாதிக்காயக் கொறச்சுக்க தாயி, புள்ளைங்களுக்குத் தூக்கம் வந்துரும்" என்றார். இன்னும் இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.